நாலாவது ஓலை

ஏழாம் நாள் சும்மா இருக்க வேண்டுமாம். ஆறு நாளும் கடலுக்குள் முங்கி முங்கி எழுந்தவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாதாம், ரத்தத்துக்குள் காற்று குமிழியாக நின்றுகொள்ளுமாம், அதனால் கடைசி நாள் ஓய்வு என்று சொல்லி மருமகள் ஷெர்லின் கம்ப்யூட்டரில் ஏழாவது கட்டத்துக்கு மஞ்சள் அடிக்கிறாள். அடிக்கட்டும். ஆண்டவரும் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். ஆனால் அதற்குள் அவர் வானம், பூமி, சூரியன், சந்திரன், ஊர்வது, பறப்பது எல்லாவற்றையும் உண்டாக்கி முடித்திருந்தார். இதுகள் என்ன உண்டாக்கப் போகின்றன? ஆறு நாளும் மூச்சு விட்டுக் குமிழி உண்டாக்கப் போகின்றன. அதற்கு இத்தனை கட்டம், இத்தனை வண்ணம். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் என் மகன் ஜெரால்டும் அவளும் ஒரே நாற்காலியில் உட்காராத குறையாக ஒட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் நான் ஊறிய மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ராத்திரிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஒரு மொச்சைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. பத்து மொச்சை பிதுக்கினால் ஜெபமாலையில் ஒரு தேவரகசியம் முடிந்ததாகக் கணக்கு. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து என் வீட்டுக்காரர் வருவதற்குள் சமையலும் ஜெபமும் சேர்ந்து முடிய வேண்டும் என்று கல்யாணமான புதிதில் பழகியது, அவர் இறந்து எட்டு வருஷம் ஆகியும் கை விடவில்லை. மணி மூன்று. ஆண்டவர் உயிர் விட்ட நேரம். இந்த நேரத்தில் மனசுக்குள் யாரையும் ஏசக் கூடாது. நாலு, அஞ்சு. படகு கூடக் கிடையாதாம். கரையிலிருந்தே இறங்குவார்களாம்.

"படகுல போய்க் குதிக்கிறது இல்ல அத்தே இது. கரையில நின்னு எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, நாமளே நடந்து நடந்து உள்ள போயிரணும். அதுல ஒரு சுகம் இருக்கு" என்றாள் ஷெர்லின். நான் "அப்படியாம்மா" என்றேன். என் வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும். அப்படியாம்மா, சரிப்பா, சாப்பிடுங்க, மாதா பார்த்துக்குவாங்க. எங்கள் பங்குக் கோவில்காரர்கள் அன்பியம் என்று வீட்டுக்கு வீடு ஜெபத்துக்குக் கூடும்போது எல்லாரும் சொல்வார்கள், சவரியம்மா முகத்தைப் பார்த்தாலே சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று. முகம்தானே. உள்ளே ஒருத்தி உட்கார்ந்து வெற்றிலையைத் துப்புகிற மாதிரி எல்லாரையும் துப்பிக்கொண்டே இருக்கிறாள், அவளை யாருக்குத் தெரியும். நடந்து நடந்து உள்ளே போவதில் சுகமாம். முதுகில் பதினைந்து கிலோ காற்று சிலிண்டர். கேஸ்காரர் மாடிக்குச் சிலிண்டர் தூக்கி வரும்போது ஒரு நாளாவது இவன் எழுந்து கை கொடுத்திருப்பானா? அது போதாதென்று இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். எதற்கு என்று கேட்டேன். உடம்பு மிதக்குமாம், மிதக்கிற உடம்பை முங்க வைக்க ஈயமாம். மிதக்கட்டும் என்றுதானே ஆண்டவர் உடம்பை அப்படிப் படைத்தார், அவருக்கே பாடம் சொல்லித் தருகிறார்கள். அந்தமானில் ஏதோ ஒரு சின்னத் தீவு. முதல் மூன்று நாள் கழுத்தளவு தண்ணீரில் ஜெரால்டுக்குப் பாடம், அடுத்த மூன்று நாள் இரண்டு பேரும் ஜோடியாக ஆழத்துக்கு. இவள் ஆபீஸ் தோழிகளோடு போய் ஏற்கெனவே கற்றுக்கொண்டவள், இவனுக்கு இதுதான் முதல் தடவை. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஒரு கட்டம். எந்தக் கரையில் பாறை கூர்மை என்று ஒரு கட்டம். "ஆமை பாக்கணும்னா விடியக்காலம் ஆறு மணிக்குத் தண்ணிக்குள்ள இருக்கணும் ஜெரி" என்கிறாள். "இருந்துட்டாப் போச்சு" என்கிறான். ஆறு மணிப் பூசைக்கு எழுந்திருக்காதவன் ஆறு மணி ஆமைக்கு எழுந்திருப்பான். நேற்றுப் பொங்கல் பூசைக்குக்கூட நற்செய்தி வாசித்து முடித்த பிறகு வந்து கடைசி பெஞ்சில் நின்றார்கள், கையில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு. ஆமை காத்திருக்காதாம். எத்தனை பிதுக்கினேன்? அஞ்சா, ஆறா. ஆறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

கையால் பேசக் கற்றுக்கொடுக்கிறாள் இப்போது. தண்ணீருக்கடியில் வாய் பேச முடியாதே, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு அல்லவா இருக்க வேண்டும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம், மேலே போகலாம் என்று அர்த்தமாம். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்தால்தான் எல்லாம் சரி. உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, தராசுத் தட்டு ஆடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் சாய்த்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். "அதைக் காட்டிட்டு எங்க சரியில்லையோ அங்க கை வைக்கணும். காது, மூச்சு, கால், எதுவோ அது." இவன் கையை ஆட்டித் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு "பசி" என்றான். அவள் அவன் மண்டையில் தட்டினாள். முப்பத்திமூன்று வயது. இந்த வயதில் ஆண்டவர் உலகத்தையே மீட்டு முடித்துவிட்டார், இவன் மேஜைக்கு மேல் கையை ஆட்டி ஊமை விளையாட்டு விளையாடுகிறான். "வாயில கடிச்சிருக்கிறதை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விடக் கூடாது ஜெரி. அது கழண்டுச்சுன்னா உள்ள போறது தண்ணிதான். பதறாம மறுபடி எடுத்து மாட்டணும். நான் பக்கத்துலதான் இருப்பேன்." பக்கத்தில் இருப்பாளாம். இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து என்ன செய்வாள். மொச்சை விரலுக்குள் வழுக்கித் தோலை விட்டுவிட்டுப் பருப்பு மட்டும் ஓடிப்போய்க் கிண்ணத்தில் விழுகிறது. ஈரமான எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. எனக்குத் தெரியும். ஈரமான தலையை, ஈரமான சின்னத் தோளை.

வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். ஏழு. நான் மெதுவாகத்தான் சொன்னேன், காலையில் இட்லி வைக்கும்போது, அவளிடம்தான் சொன்னேன், "அவனுக்குச் சின்னதுலருந்தே தண்ணி ஒத்துக்காதேம்மா." அவ்வளவுதான். இவன் வாயில் இட்லியை வைத்துக்கொண்டே சிரித்தான். "ஆரம்பிச்சுட்டாங்க பாரு ஷெர்லின். தண்ணியில கண்டம்!" அவளும் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கதை கல்யாணமான வாரமே தெரியும், அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவன் ஆபீஸ் வரைக்கும் தெரியும். ஏதோ ஒரு ஜோசியர் என் மகனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொன்னாராம், வேதக்காரியான இந்த அம்மா அதை நம்பி அவனைக் குளம், கிணறு, வாய்க்கால் எதிலும் இறங்க விடாமல் வளர்த்தாளாம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமே குற்றாலம் போனபோது எல்லாப் பையன்களும் அருவியில் நின்று கத்த, இவன் மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து நாற்பது ஜோடிச் செருப்புக்குக் காவல் இருந்தான். "ஜெபமாலை உருட்டுறவங்க வீட்ல ஜாதகம்டீ! எங்கம்மா மாதிரி ஒரு காமெடி பீஸைப் பாத்திருக்கியா?" என்று அவள் தோளில் சாய்ந்து சொன்னான். "அந்த ஜோசியர் இன்னும் இருந்தாருன்னா ஆமையோட ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பணும். அதுக்குத்தான் போறேன்னே வெச்சுக்கோயேன்." நான் சட்னி ஊற்றினேன். அதற்குத்தான் போகிறானாம். ஜோசியரைத் தோற்கடிக்க. முட்டாள். இல்லாத ஜோசியரை எந்தக் கடலில் போய்த் தோற்கடிப்பாய்?

ஜோசியர் கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது, எந்தத் தெருவிலும் கிடையாது. அந்த ஜோசியர் என் வாயில் பிறந்து என் வாயிலேயே வளர்ந்தவர். அவருக்கு முன்னால் மதுரையில் ஒரு டாக்டர் இருந்தார், அவர் நிஜம். அவர் தன் மூன்று விரலை நீட்டி மடக்கி மடக்கிச் சொன்னார், தண்ணி, நெருப்பு, உயரம், இது மூணு கிட்டயும் இவனைத் தனியா விடாதீங்கம்மா. அதற்கு முதல் வாரம் ஒரு சனிக்கிழமை, கொல்லையில் அலுமினிய அண்டாவுக்குள் உட்கார வைத்து நாலு வயசுப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன், மூத்தவள் ஃப்ளோரா சொம்பில் மொண்டு ஊற்றுகிறாள், அவளுக்கு ஒன்பது வயது, பிள்ளை தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறான், சிரிப்பு பாதியில் நிற்கிறது. கண் மேலே போய் வெள்ளை தெரிகிறது. தாடை கிட்டித்துப் பிறகு அவிழ்கிறது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. சோப்பு போட்ட உடம்பு. பிடிக்கிறேன், வழுக்குகிறது, பிடிக்கிறேன், வழுக்குகிறது, தலை தண்ணீருக்குள் போகிறது, ஃப்ளோரா சொம்பைப் போட்டுவிட்டுக் கத்துகிறாள், கடைசியில் அண்டாவையே எட்டி உதைத்துக் கவிழ்த்துத்தான் பிள்ளையைத் தரையில் எடுத்தேன். இடுப்பளவு கூட இல்லாத தண்ணீர். ஷெர்லின் சொல்கிறாள், பதறாம எடுத்து மாட்டணும் என்று. ஏழு வயது வரைக்கும் நாலு தடவை வந்தது. பத்து வயது வரைக்கும் மாத்திரை. புத்தி வளர்கிற மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன், அதற்கே இவன் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டான். வெளியே சொல்லாதே, வலிப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு எவனும் பொண்ணு தர மாட்டான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நான் கூட இல்லாத இடத்தில் இவன் தண்ணீருக்குப் போகாமல் இருக்க வேண்டுமே. எதைச் சொன்னால் பயப்படுவான்? மாதா கனவில் வந்து சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம், மாதா பேரில் பொய் சொல்லப் பயம். அதனால் ஒரு ஜோசியர். நமக்கு ஜோசியமே பாவம், அதனால் ஜோசியர் பேரில் பொய் சொன்னால் பாவம் பாதிதான் என்று நான் கணக்குப் போட்டேன். சவரியம்மா போட்ட கணக்கு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் முன்னால் முட்டி போட்டு, பொய் சொன்னேன் சாமி என்பேன். எத்தனை தரம்? சில தரம் சாமி. குழம்பு தீர்ந்துபோச்சு என்று பக்கத்து வீட்டில் சொன்ன பொய்யோடு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு மூன்று அருள் நிறைந்த மரியே அபராதம் வாங்கிக்கொண்டு வருவேன். இவர்களைப் போய் ஏளனம் செய்கிறேன். மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன், பிதுக்கவில்லை. எட்டு.

போன் அடித்தது. ஃப்ளோராதான், திருச்சியிலிருந்து. அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஈரக்கையில் போன் வேறு வழுக்குகிறது. "என்னம்மா, கடல் கோஷ்டி என்ன பண்ணுது?" என்றாள். திட்டம் போடுதுங்க என்றேன். இரண்டு பேர் காதிலும் அண்டா உருண்டது. பிறகு அவளே, "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா. ஒண்ணும் வராது. இப்பப் போயி எதையாவது உளறி வெச்சிராத. ஷெர்லின் அம்மாவைப் பத்தி ஒனக்கே தெரியும்" என்றாள். "அதில்லடி, வாயில குழாயைக் கடிச்சிக்கிட்டு..." "நீ ஜெபம் பண்ணும்மா. மாதா பாத்துக்குவாங்க." வைத்துவிட்டாள். மாதா பார்த்துக்குவாங்களாம். என் வாசகத்தை எனக்கே திருப்பித் தருகிறாள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கிற டீச்சர். அவளை ஏசி என்ன. ஜெரால்டுக்குப் பெண் பேசப் போவதற்கு முதல் நாள் அவளைப் புருஷன் வீட்டிலிருந்து வரவழைத்து, மாதா படத்தில் கை வைக்கச் சொல்லி, செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியவள் நான்தானே. மாதா பேரில் பொய் சொல்ல எனக்குப் பயம், மகளை விட்டு மாதா பேரில் பொய்க்குக் காவல் போட மட்டும் பயமில்லை. அவள் சரியாகத்தான் வளர்ந்திருக்கிறாள். நான் ஊற்றிய தண்ணீர்.

அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோவில் கோபுரம் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோவிலில்தான் மூன்று ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில், இன்னார் மகன் ஜெரால்டுக்கும் இன்னார் மகள் ஷெர்லினுக்கும் திருமணம் நடக்கப் போகிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் அழுத்தி வாசிப்பார். வலிப்பெல்லாம் கோவில் சட்டத்தில் தடை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஷெர்லினுடைய அம்மா ரெஜினா பெண் பார்த்த அன்றே என்னைத் தனியாகக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருந்தாளே, "அக்கா, நான் ஒரே பிள்ளையப் பெத்தவ. தம்பிக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்ல? மறைக்காமச் சொல்லிருங்க" என்று. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி. நல்லா இருக்கான்" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள், இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று. முதல் ஓலை, இரண்டாவது ஓலை. மூன்றாவது ஓலை வாசிக்கும்போது பின்னால் யாரோ இருமினார்கள். அந்தக் காலத்துக் கம்பவுண்டரோ, மருந்து எடுத்துக் கொடுத்த சிஸ்டரோ, யாரோ எழுந்து நிற்கப் போகிறார்கள் என்று முதுகு முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தேன். யாரும் நிற்கவில்லை. சவரியம்மா மகனுக்கு என்ன தடை இருந்துவிடப் போகிறது. எழுந்து நிற்கக் கடமைப்பட்டவள் முதல் பெஞ்சில் புதுச் சேலையில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள்.

"அத்தே, காப்பி போடட்டுமா?" என்று ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். நல்ல பெண்தான், அதுதான் எரிச்சல். கெட்ட பெண்ணாக இருந்தால் எவ்வளவு வசதி. வேண்டாம்மா என்று சொல்லி மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். மொச்சை பாதிக் கிண்ணம் இருக்கிறது. எத்தனையில் விட்டேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து. ஒன்று. "முடிஞ்சுது, இது ஒண்ணுதான் பாக்கி" என்று அவள் ஒரு படிவத்தைத் திறந்தாள். "ஒடம்பைப் பத்தின கேள்வி. எல்லாத்துக்கும் இல்லைன்னா இன்னைக்கே அனுப்பிரலாம். ஒண்ணே ஒண்ணுக்கு ஆமான்னாலும் டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் தண்ணிக்குள்ள விடுவாங்க." இரண்டு. "ஆஸ்துமா?" "இல்ல." "நெஞ்சு வலி, நெஞ்சு ஆபரேஷன்?" "ஒன்னையக் கட்டுனப்புறம்தான் நெஞ்சு வலி." "போட்டுருவேன் ஜெரி." "இல்ல, இல்ல." "காது ஆபரேஷன்?" "இல்ல." மூன்று. இல்லை இல்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு ஆறு நாள் முங்குவதற்கு நூறு தடவை 'இல்லை'. அவள் அடுத்ததைப் படித்தாள். குரல் மாறவேயில்லை, ஆஸ்துமாவைப் படித்த அதே குரல். "வலிப்பு, மயக்கம், நெனவு தப்புறது? எந்த வயசுலயா இருந்தாலும்." "இல்ல" என்றான். பிறகு தலையைத் திருப்பாமலே, விளையாட்டுக்கு, "ஏம்மா, சின்ன வயசுல எனக்கு என்னல்லாம் வந்துச்சு? கண்டத்தைத் தவிர?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டான். முப்பது வருஷமாக யாராவது எழுந்து நின்று கேட்கக் கூடாதே என்று இருந்தேன், இவன் உட்கார்ந்துகொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டுவிட்டான். என் வாய் அதற்குப் பழகின வழியிலேயே போனது. "ஒண்ணுமில்லப்பா. அம்மை போட்டுச்சு ஒரு தடவ." அவள் இல்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். டிக் என்று ஒரு சத்தம். என் காதிலும் ஒரு கதவு சாத்தின சத்தம். எவ்வளவு அழகாகச் சொல்கிறாய் சவரியம்மா. அம்மை போட்டதாம். பொய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன உண்மையை உட்கார வைக்க எங்கே கற்றுக்கொண்டாய். இவர்களுடைய ஆமையையும் ஈயத்தையும் மஞ்சள் கட்டத்தையும் பார்த்துச் சிரித்தாயே, இவர்கள் தண்ணீருக்கடியில் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லாமல் இருக்கக் கை ஜாடை எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள், நீ தரையில் இருந்துகொண்டு, காற்றும் வெளிச்சமும் நாக்கும் இருந்தும். "சர்க்கரை?" "இல்ல." "முதுகு வலி?" "இல்ல." அவளுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பேன் என்றாள், இருப்பாள், அதுதான் பயம், ஆறாம் நாள் காலை ஆமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் நிற்கும், கண் மேலே போகும், தாடை அவிழும், குழாய் கழன்று விழும், அவள் பிடிப்பாள், வழுக்கும், பிடிப்பாள், வழுக்கும், அவளுக்கு என்ன என்று தெரியாது, விளையாடுகிறான் என்று முதலில் நினைப்பாள், எட்டி உதைத்துக் கவிழ்க்கக் கடல் என்ன அண்டாவா. "அவ்ளோதான். அனுப்பிரவா?" என்றாள். விரல் விசைப்பலகைக்கு மேல் நின்றது. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள். கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வாய் எனக்கு எப்போதும் உதவியதில்லை. கையைத் தூக்கினேன். மொச்சைத் தோல் ஒட்டியிருந்த கையைக் கீழே பார்க்க விரித்து, இப்படியும் அப்படியும் சாய்த்தேன்.

"ஏய், அம்மா கத்துக்கிட்டாங்கடீ!" என்று ஜெரால்டு மேஜையைத் தட்டிச் சிரித்தான். ஷெர்லினும் சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. சாய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சிரிப்பு முதலில் நின்றது. "என்ன அத்தே? எங்க?" என்றாள். எங்கே சரியில்லையோ அங்கே கை வைக்க வேண்டும் அல்லவா. மேஜைக்கு மேல் எக்கி, ஈரக்கையை என் மகன் தலையில் வைத்தேன். பிறகு எடுத்து என் வாயில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. "வலிப்புக்கு ஆமான்னு போடும்மா. நாலு வயசுலருந்து ஏழு வயசு வரைக்கும். நாலு தடவ. மொதத் தடவ தண்ணியிலதான்." தெருவில் கரும்புக்காரன் மிச்சக் கரும்பைக் கூவிக்கொண்டு போனான். ஜெரால்டு அவளையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. "அப்ப அந்த ஜோசியர்?" என்றான். "ஜோசியர்னு யாரும் இல்லப்பா. நானாச் சொன்னது." "புத்தி மாத்திரை?" "அதுதான்." "நாப்பது ஜோடிச் செருப்பும்மா" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஷெர்லின் விரலைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா ஒங்ககிட்ட கேட்டாங்கல்ல அத்தே. கிணத்தடியில. எங்கிட்டச் சொல்லியிருக்காங்க." கேட்டாங்க என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" ஒண்ணுமில்லன்னு சொன்னேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஏதாவது ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசியிருந்தால் தேவலை. அவள் திரைப் பக்கம் திரும்பி ஆமா என்ற கட்டத்தைத் தொட்டாள். அதே டிக். அது ஒன்றைத் தொட்டதும் கீழே இன்னும் பத்துக் கேள்வி திறந்துகொண்டது. "கடைசியா வந்தது எப்ப? என்ன மாத்திரை? சீட்டு ஏதாவது இருக்கா?" இருக்கிறது. என் ஜெபப் புத்தகத்துக்குள் மாதா பிரார்த்தனைப் பக்கத்தில் மதுரை டாக்டர் சீட்டு நாலாக மடித்து இருக்கிறது, தினம் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், தினம் அதை ஒதுக்கிவிட்டு ஜெபம் சொல்கிறேன். எழுந்து போய் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்தாள். டாக்டர் முடியாது என்று சொல்லலாம், போகட்டும் என்று சொல்லலாம், அது எனக்குத் தெரியாது. நாளைக்கு ரெஜினா போன் செய்வாள், அது எனக்குத் தெரியும். பங்கில் இனி என் முகத்தைப் பார்த்து யாரும் சமாதானம் ஆக வேண்டியதில்லை. உட்கார்ந்து மொச்சையை எடுத்தேன். நாலு. நிமிர்ந்தால் ஜெரால்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மணியிலிருந்து நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வைதான், ஈயக்கட்டியையும் ஆமையையும் மஞ்சள் கட்டத்தையும் பார்த்த அதே பார்வை, உதட்டோரம் கொஞ்சம் கோணி, சீ என்று ஒரு சொல்கூடச் செலவழிக்க மனமில்லாத பார்வை. இவனுக்கு அது என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. கண் மேலே போகவில்லை. வெள்ளை தெரியவில்லை. இரண்டு கருவிழியும் அசையாமல் நேராக என் மேல் நிற்கிறது. பார்க்கட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அஞ்சு.